35 லட்சம் கடன் வாங்கிக் காப்பாட்சியர் ஆகலாமா?

கேட்டிருப்பவருக்கு வயது 27. வரலாறும் தொல்லியலும் எம்.ஏ. படித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் கேலரியில் நாலு வருடமாக வேலை பார்க்கிறார். இங்கிலாந்தில் மியூசியம் ஸ்டடீஸ் ஓராண்டு எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்த்து 35 லட்சம் கடன் வாங்கவேண்டும். கலை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் (கியூரேட்டர்) வேலைக்கு எந்த நாட்டில் விசா ஸ்பான்சர் செய்து எடுப்பார்கள், இந்தப் படிப்பு அதற்கு உதவுமா, கேலரி வேலையை இப்போதே விட்டுவிடலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் இந்தத் துறைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. பிரிட்டனில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் ஆசியக் கலைப் பிரிவில் இருக்கிறேன். நான் விசா வக்கீல் இல்லை, ஆனால் இதுவரை ஐந்து விதமான விசாவில் இருந்திருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் கடன். வாங்காதீர்கள்.

11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 48,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். பிரிட்டனில் உதவிக் காப்பாட்சியர் வேலைக்கான விளம்பரங்களில் நான் வழக்கமாகப் பார்க்கும் ஆண்டுச் சம்பளம் 28,000 முதல் 35,000 பவுண்டு வரை. லண்டனில் வாடகை கொடுத்துவிட்டு அந்தத் தவணையையும் கட்டுவது ரொம்பக் கஷ்டம். சரி, கஷ்டப்பட்டுக் கட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளத்துக்கு விசா கிடைக்குமா என்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல்.

வேலை கொடுக்கும் நிறுவனம் ஸ்பான்சர் செய்கிற பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 38,700 ஆனது. 2025 ஜூலை 22 முதல் அது 41,700. காப்பாட்சியர் பதவி தகுதியுள்ள வேலைகளின் பட்டியலில் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. சம்பளம்தான் எட்டாது. பத்து வருட அனுபவம் உள்ள முழுக் காப்பாட்சியருக்கே பல ஊர்களில் 41,700 கிடையாது. அங்கே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்தோ, படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கி வேலை பார்க்க விடும் கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்களுக்கு வரம்பு 33,400. ஆனால் அந்தச் சலுகை மொத்தம் நாலு வருடத்துக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அந்த நாலுக்குள் அடக்கம். தொடர்புள்ள துறையில் முனைவர் பட்டம் இருந்தால் 37,500. கிராஜுவேட் விசாவும் இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகச் சுருங்குகிறது. நீங்கள் படித்து முடிக்கும்போது 18 மாதக் கணக்கில்தான் வருவீர்கள்.

அருங்காட்சியக வேலையில் ஆள் எடுக்கவே நாலைந்து மாதம் ஆக்குவார்கள். 18 மாதத்தில் எத்தனை விண்ணப்பம் போட முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நேர்முகம் முடிந்து, என்னைத் தேர்ந்தெடுத்து, துறைத் தலைவர் போனில் வாழ்த்தே சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல். பதவிக்கு ஒதுக்கிய சம்பளம் விசா வரம்பைவிட 900 பவுண்டு குறைவாம், ஊதிய நிலையைத் தாண்டிக் கொடுக்க விதி இல்லையாம். 900 பவுண்டு! ஒரு கண்காட்சித் திறப்பு விழாவின் ஒயின் செலவு அதைவிட அதிகம். அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது: உங்களை எடுக்க விரும்புகிறவர் ஒருவர், விசாவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். இரண்டாமவர் உங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. அவர் பார்ப்பது சம்பளப் பட்டியலையும் நிறுவனத்திடம் என்ன உரிமம் இருக்கிறது என்பதையும்தான்.

அதனால் எந்த நாடு என்று கேட்பதைவிட எந்த மாதிரி நிறுவனம் என்று கேட்பது நல்லது. பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை விசா கொடுத்து வேலைக்கு எடுக்கும் அனுமதி, வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. அதில் அருங்காட்சியகத்தின் பெயரைத் தேடி, இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம், கிளாஸ்கோவின் ஹண்டேரியன், மான்செஸ்டர் அருங்காட்சியகம் எல்லாம் பல்கலைக்கழகங்களின் அங்கங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடவேண்டும். அவர்களுக்கு வருடம் முழுக்க வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு விசா எடுத்துப் பழக்கம், அதற்கென்று தனி அலுவலகமே இருக்கும். சின்ன நகராட்சி அருங்காட்சியகத்தில் உங்கள் விசாதான் அவர்கள் வாழ்நாளில் முதல் விசாவாக இருக்கும், பயந்துவிடுவார்கள். மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 2023 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து தெற்காசியக் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அந்த மாதிரி வேலை நடக்கும் இடங்களைக் கவனித்து வாருங்கள்.

பிரிட்டனில் ஸ்பான்சரே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது. குளோபல் டேலண்ட் விசா. சம்பள வரம்பு கிடையாது, வேலை கையில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கலைத் துறைக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து உங்களை அங்கீகரிக்கவேண்டும். பெயர் பெற்றவர், வளர்ந்துவருபவர் என்று இரண்டு நிலைகள். துறையில் தெரிந்தவர்களிடமிருந்து மூன்று கடிதங்கள், அப்புறம் நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகள். உங்கள் பெயர் அச்சில் வந்த கேட்லாக், நீங்கள் தனியாக அமைத்த கண்காட்சிக்குப் பத்திரிகையில் வந்த விமர்சனம், இப்படி. இன்றைக்கு உங்களிடம் இவை போதாது என்று நினைக்கிறேன். கேலரிக் கண்காட்சிகளில் உங்கள் பெயர் எங்கேயாவது அச்சாகிறதா? ஆகவில்லை என்றால் நாளைக்கே முதலாளியிடம் கேளுங்கள். சம்பள உயர்வைவிட அது முக்கியம்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். எச்-1பி வேலை விசா என்றால் ஐ.டி. ஆட்களுக்கு என்றுதான் நம் ஊரில் நினைப்பு. அருங்காட்சியக ஆட்களும் அதில்தான் வருகிறார்கள். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. மார்ச்சில் பதிவு செய்து, குலுக்கலில் பெயர் வந்தால் அக்டோபர் 1 முதல் வேலை. ஒரு கண்காட்சிக்கு இப்போதே ஆள் தேவைப்படும் அருங்காட்சியகம், குலுக்கலில் வரும் வராது என்று ஏழு மாதம் காத்திருக்குமா?

இங்கேயும் பல்கலைக்கழகம்தான் கைகொடுக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற அமைப்புகள், லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது. குலுக்கலும் இல்லை, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், கார்னெல், மிச்சிகன் என்று நல்ல ஆசியக் கலைச் சேகரிப்பு உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் எத்தனையோ இருக்கின்றன. 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய விதியில் ஆய்வு நிறுவனம் என்பதன் விளக்கத்தையும் தளர்த்தினார்கள். ஆய்வு முதன்மைப் பணியாக இருக்கவேண்டும் என்றிருந்ததை, அடிப்படைப் பணிகளில் ஒன்றாக இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். தனித்து இயங்கும் சில பெரிய அருங்காட்சியகங்களும் இதை வைத்து வாதாட முடியும்.

ஆனால் ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு நிறுவனம் 1,00,000 டாலர் கட்டவேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் பொது விலக்கு இல்லை. ஓராண்டுக்கு என்று போட்ட ஆணை அது. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்பாட்சியரின் ஒரு வருடச் சம்பளத்தையே விசாவுக்குக் கட்ட எந்த அருங்காட்சியகமும் முன்வராது. அதாவது சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வேலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வழி இப்போதைக்கு அடைபட்ட மாதிரிதான். ஏற்கெனவே மாணவர் விசாவில் உள்ளே இருப்பவர், அங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறினால் இந்தத் தொகை கிடையாது. எனவே அமெரிக்கா என்றால் படிப்பு வழியாகத்தான்.

அப்போதும் எம்.ஏ. சரிப்படாது. படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதி 12 மாதம். எஞ்சினியர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. கலை வரலாறு அந்தப் பட்டியலில் இல்லை. முனைவர் பட்டம் என்றால் கதை வேறு. நல்ல பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லாமல், ஐந்தாறு வருடம் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். பழங்கலைப் பிரிவுக் காப்பாட்சியர் பதவிக்கு எப்படியும் முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. படிக்கும் காலத்திலேயே அருங்காட்சியக ஃபெலோஷிப் வாங்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிடன், லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மூன்றும் எந்த நாட்டவருக்கும் ஃபெலோஷிப் கொடுக்கின்றன. அதற்கெல்லாம் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா. ஒன்றைக் கவனியுங்கள்: ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் போனால், முடித்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்த பிறகே எச்-1பி எடுக்க முடியும். ஸ்மித்சோனியனில் மத்திய அரசுப் பதவிகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள், அறக்கட்டளை நிதியில் வரும் பதவிகளுக்கு எல்லா நேரமும் கேட்பதில்லை. விளம்பரத்தில் அந்த ஒரு வரியை முதலில் படியுங்கள்.

ஜெர்மனியைப் பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள். அங்கே காப்பாட்சியர் ஆகிறவர் முதலில் இரண்டு வருடம் ஃபோலோன்டாரியாட் என்ற பயிற்சிப் பணி செய்யவேண்டும், சம்பளம் அந்த நிலைக்கான அரசு ஊதியத்தில் ஏறத்தாழ பாதி. ஜெர்மன் மொழி சரளமாக வராமல் அதுவும் கிடைக்காது. மொழி தெரிந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கனடாவில் வேலை கொடுப்பவரை நம்பாமல் நிரந்தர வசிப்புரிமை வாங்கிக்கொண்டு போவதுதான் நடைமுறை. அருங்காட்சியகங்கள் குறைவு, போட்டி அதிகம்.

சிங்கப்பூரைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். தமிழ் ஆட்சிமொழி, லிட்டில் இந்தியாவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் தென்னிந்தியச் சிற்பங்கள். எல்லாம் இருக்கிறது. ஆனால் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2025 முதல் மாதம் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். அதற்கு மேல் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 எடுக்கவேண்டும். தமிழ் தெரிந்த, வரலாறு படித்த உள்ளூர்க்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தமிழ் தெரியும் என்பது உங்களுக்கு எங்கே தனித்தகுதியோ அங்கே போகவேண்டும். சிங்கப்பூரில் அது தனித்தகுதி இல்லை.

வளைகுடாவைப் பலர் யோசிப்பதே இல்லை, அது தவறு. லூவ்ர் அபுதாபி 2017இல் திறந்தது, கத்தாரின் தேசிய அருங்காட்சியகம் 2019இல். கத்தார் தலைநகர் தோஹாவில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனுக்கென்றே 2025 நவம்பரில் ஒரு அருங்காட்சியகம் வந்திருக்கிறது. அபுதாபியில் சையத் தேசிய அருங்காட்சியகமும் அடுத்த மாதமே திறந்தது. இங்கெல்லாம் விசா ஒரு பேச்சே இல்லை. வேலை கொடுத்தால் விசா கூடவே வரும், குலுக்கல் கிடையாது, வருமான வரி கிடையாது. குறைகளும் உண்டு. வேலை போனால் நாட்டை விட்டுப் போகவேண்டும். பழங்காலத் தென்னிந்தியக் கலைக்கு அங்கே பெரிய இடமும் இல்லை. ஆனால் நவீன இந்தியக் கலை, இந்தியப் பெருங்கடல் வணிகம், துணிகள் போன்றவற்றில் வேலை தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. கேலரியில் நாலு வருடம் நவீன ஓவியங்களைக் கையாண்ட நீங்கள், லண்டனைவிட தோஹாவுக்கு அதிகம் பொருந்துவீர்கள் என்பது என் கணிப்பு. சென்னையின் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கியது முதல் இன்று வரை மெட்ராஸ் ஓவியர்களைப் பற்றி ஒழுங்காகப் பேசக்கூடியவர்கள் வெளியே மிகக் குறைவு.

இனி, விசாவைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் வக்கீல் செலவு, காத்திருப்பு, காகித வேலை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு உங்களை ஏன் எடுக்கவேண்டும்? உள்ளூரில் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருந்தால்தான் எடுக்கும். மியூசியம் ஸ்டடீஸ் எம்.ஏ. உள்ளூரிலேயே ஏராளமாகக் கிடைக்கும் பட்டம்; ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான பேர் முடித்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் நிற்கிறார்கள். கிடைக்காதது எது என்பதற்கு என் கதையையே சொல்லலாம்.

பிரிட்டனில் ஒரு அருங்காட்சியகத்தின் கிடங்கில் ஆறு மாதத் தற்காலிக வேலை. பொருள்களை எடுத்து, அளந்து, படம் பிடித்து, தகவல்தளத்தில் ஏற்றவேண்டும். ஒரு பித்தளைத் தூண்டாமணி விளக்கு வந்தது. பழைய அட்டையில், அடித்தட்டில் சமயச் சொற்றொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது, மந்திரமாக இருக்கலாம் என்று யாரோ அறுபது வருடத்துக்கு முன் எழுதியிருந்தார்கள். படத்தைத் தலைகீழாக எடுத்திருந்தார்கள். நான் திருப்பிப் பிடித்துப் படித்தேன். ஒரு ஊர்ப் பெயர், ஒரு செட்டியார் பெயர், அப்புறம் நம் கோயில் டியூப்லைட்டில் எல்லாம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெரிதாக எழுதியிருக்குமே, அந்த ‘உபயம்’. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துறைத் தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பெயர் இருக்கிறதென்றால் இது ஒரு கோயில் சொத்து, எப்படி இங்கே வந்தது என்று அவருக்கு உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது. அந்த ஆறு மாத வேலை மூன்று வருட வேலையானது அப்படித்தான். நான் கல்வெட்டு அறிஞன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழைத் தலைகீழாக இல்லாமல் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

பொருள் எந்தெந்தக் கைகள் மாறி வந்தது என்று தேடுவதை ப்ராவனன்ஸ் ஆய்வு என்கிறார்கள். நாங்கள் ஓரிருவர் கேலியாக வில்லங்கச் சான்று போடுவது என்போம். நிலம் வாங்கும்போது பார்ப்போமே, அதே வேலை. இன்றைக்கு மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் புதிய பதவிகள் உருவாகும் சில இடங்களில் இது ஒன்று. காரணம் எளிது, அவர்கள் சூடுபட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு நடராஜரை வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டது என்று தெரிந்து, 2014இல் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து வருடம் தண்டனை கொடுத்தது. ஆஷ்மோலியன் 1967இல் சோதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கை ஆழ்வார் செப்புத் திருமேனி, 1957இல் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டிக்கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது.

இதில் என்ன கவனிக்கிறீர்கள்? சான்று இருந்த இடம் புதுச்சேரி. சென்னையிலிருந்து மூன்று மணி நேர பஸ். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகி, திருமேனிகளின் அடையாளங்கள் தெரிந்து, அறநிலையத் துறைப் பதிவேடுகள் எப்படி இருக்கும், ஊரில் யாரிடம் பேசினால் தகவல் வரும் என்றெல்லாம் தெரிந்த ஒருவர், லண்டனில் ஒரு வருட எம்.ஏ. முடித்தவரைவிட அவர்களுக்குப் பத்து மடங்கு தேவைப்படுகிறார். 35 லட்சத்துக்குப் பதில் 35 பஸ் டிக்கெட்.

பழைய உதாரணம் ஒன்றும் சொல்லலாம். அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இந்தியக் கலைக்கென்று முதன்முதலாக நியமிக்கப்பட்ட காப்பாளர் கொழும்புத் தமிழரின் மகனான ஆனந்த குமாரசாமி. 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். படித்தது புவியியல், நிலப்படம் வரைகிற அந்தப் புவியியல் இல்லை, கல்லையும் கனிமத்தையும் ஆராய்கிற துறை. தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர். மியூசியம் ஸ்டடீஸ் அன்றைக்கு ஏது? அவரோடு அவர் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும் பாஸ்டனுக்குப் போயின, அவற்றை விளக்கிச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை. நம்மிடம் அவர் மாதிரி சேகரிப்பு இல்லை, ஆனால் பாஸ்டன்காரர்கள் போட்ட கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கண்காட்சித் திறப்பு விழாப் படங்களைப் பார்த்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நிறைய. என் நாளில் பாதி மின்னஞ்சல். இரவல் கேட்டு வரும் கடிதங்கள், காப்பீட்டுத் தொகை, பொருளில் எங்கே கீறல் எங்கே பச்சைக் களிம்பு என்று நிலைக் குறிப்பு எழுதுவது, தகவல்தளத்தில் தவறு திருத்துவது. ஒரு சுவர்க் குறிப்புக்கு எங்களுக்கு 75 சொல்தான் அனுமதி. சோமாஸ்கந்தரை 75 ஆங்கிலச் சொல்லில் பத்து வயதுப் பையனுக்கும் புரியும்படி எழுதிப் பாருங்கள், அதுதான் இந்த வேலையின் உண்மையான பரீட்சை. அப்புறம் பணக்காரர்களோடு சாப்பிடவேண்டும். அமெரிக்காவில் வாங்கும் பொருள்கள் பெரும்பாலும் நன்கொடையாளர் பணத்தில் வருகின்றன. கூச்ச சுபாவம் உள்ள எனக்குப் பதினேழு வருடம் கழித்தும் அது பழகவில்லை. சில நாள் வாய்க்கும். ஃபிலடெல்பியாவில் மதுரையிலிருந்து 1912இல் வாங்கிப்போன தூண்களை வைத்து ஒரு மண்டபமே நிறுத்தியிருக்கிறார்கள். முதன்முதல் அதற்குள் நின்றபோது பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை. அந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த வேலை முழுக்க வரும்.

விண்ணப்பிக்கும்போது விசாவை மறைக்காதீர்கள். படிவத்தில் ஸ்பான்சர் தேவையா என்று கேட்டால் ஆம் என்றே போடுங்கள். ஆனால் விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைப் பற்றிப் புலம்பவேண்டாம். நேர்முகத்துக்கு அழைத்த பிறகு மனிதவளப் பிரிவுக்கு ஒரு சின்ன மின்னஞ்சல்: இந்தப் பதவியின் சம்பளம் விசா வரம்புக்குள் வருகிறதா, உங்களிடம் உரிமம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டதன் விலை 900 பவுண்டு என்று மேலே சொன்னேன். ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறோம், இவ்வளவு லட்சம் கொடுங்கள் என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் எச்-1பி செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்கவேண்டும், அது சட்டம். பிரிட்டனில் ஸ்பான்சர் சான்றிதழை விற்பது குற்றம். அருங்காட்சியக வேலை எதுவும் ஏஜென்ட் வழியாக வருவதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். அந்தப் பல்கலைக்கழகத்திடம் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இந்த ஒரு வருடத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். செப்புத் திருமேனியாக இருக்கலாம், மெட்ராஸ் ஓவியர்களாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மாதம் இருமுறையாவது போய், திருவாலங்காட்டு நடராஜர் முன் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். உலகத்தில் எந்த மாணவருக்கும் கிடைக்காத வகுப்பு அது, டிக்கெட் விலையில் கிடைக்கிறது. பிரிட்டன் போகத்தான் ஆசை என்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையின் உதவிக்கு விண்ணப்பியுங்கள்; கலை, மரபுத் துறையினருக்குக் குறுகிய காலப் பயணத்துக்கும் கொடுக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் நடத்தும் சர்வதேசப் பயிற்சித் திட்டம் அருங்காட்சியகத் துறையில் வேலையில் இருப்பவர்களுக்கானது. கேலரியிலிருந்து போவது கடினம், ஆனால் பெங்களூரில் 2023இல் கட்டடம் திறந்த மேப் (கலை, புகைப்பட அருங்காட்சியகம்) மாதிரி ஒரு இடத்துக்கு நீங்கள் மாறினால் அந்தக் கதவும் திறக்கும். அங்கே போனால் பன்னாட்டு இரவல், நிலைக் குறிப்பு, தகவல்தளம் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உதவித்தொகையோடு முனைவர் பட்டம், அமெரிக்காவிலோ பிரிட்டனில் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுத் திட்டத்திலோ. ஏழெட்டு வருடக் கணக்கு இது. நீளம்தான். எம்.ஏ. முடித்து 18 மாதத்தில் வீடு திரும்பிய நாலு பேரை எனக்குத் தெரியும், நாலு பேரும் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேலரி வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். விற்ற ஒவ்வொரு ஓவியத்துக்கும் யாரிடமிருந்து வந்தது, எந்த வருடம், எந்தக் கண்காட்சியில் இருந்தது என்று உங்கள் கேலரியில் கோப்பு வைத்திருக்கிறார்களா? இல்லை என்றால் அதை நீங்களே தொடங்குங்கள். ஓவியரின் குடும்பத்தார் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து எந்த நாட்டு நேர்முகத்தில் உட்கார்ந்தாலும், நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அந்தக் கோப்பைக் காட்டலாம்.

அப்புறம், அந்தத் தள்ளிவைப்புக் கடிதத்தை முன்பணம் கட்டும் கெடுவுக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.